ஒரு சாண் போர் விமானம்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மேற்குத் தாம்பரத்தில் ஒரு பெயிண்ட் கடைக்குப் போனேன்.

வெளிர் சாம்பல் நிறம் வேண்டும், ஆனால் அதில் லேசாக நீலம் தெரிய வேண்டும், அதற்காகப் பார்க்கிறவர்கள் நீலம் என்று சொல்லிவிடக் கூடாது — இப்படிக் கேட்டேன். இது என் சொந்த வசனம் இல்லை. வீட்டுக்காரர் இரண்டு முறை ஒப்பிக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "வூட்டுக்கா அக்கா, கிரில் கேட்டுக்கா?"

"ஏரோப்ளேனுக்கு."

அவர் சிரித்திருந்தால் நான் அப்படியே திரும்பி வந்திருப்பேன். சிரிக்கவில்லை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். "எத்தினி ஸ்கொயர் ஃபீட் வரும்?"

நான் கையை விரித்து ஒரு சாண் காட்டினேன். அதுவும் அடிப்பக்கத்துக்கு மட்டும்.

எதற்கும் அசராத மனிதர். அரை லிட்டருக்குக் குறைந்து டப்பா இல்லை என்றார். பிறகு உள்ளே போய், ஏதோ ஒரு கிளினிக்கின் சுவருக்குக் கலந்ததில் மிச்சம் இருந்ததை ஒரு இருமல் மருந்து பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்தார். கிட்டத்தட்ட அதே நிறம். இப்படித்தான், பிரெஞ்சு நாட்டுப் போர் விமானம் ஒன்றின் அடிவயிற்றுக்குத் தாம்பரத்து ஆஸ்பத்திரிச் சுவரின் வர்ணம் வந்து சேர்ந்தது.

படித்த பெண், உத்தியோகம் பார்க்கிறவள், ஏன் இப்படி பாட்டிலும் கையுமாக அலைய வேண்டும் என்று கேட்கிறீர்களா? நானும் அதைத்தான் மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எல்லாம் பொங்கல் சமயத்தில் ஆரம்பித்தது.

என் வீட்டுக்காரர் ஸ்டீபனை, நான் எழுதும் இந்தப் பத்திரிகைப் பத்தியில் நீங்கள் பலமுறை சந்தித்திருக்கிறீர்கள். கிண்டியில் ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். இயந்திரங்களுக்குப் படம் வரைகிறவர். பொங்கலுக்கு ஊருக்குப் போகிற கூட்டம் மொத்தமும் பெருங்களத்தூரில் பஸ்ஸுக்கு நிற்கிற நாளில், அந்த வழியாக ஸ்கூட்டரில் வந்தே தீருவேன் என்று வந்தார். ஒரு பஸ் ஒதுங்க, ஒரு மூட்டை உருள, இவர் விழுந்தார். வேறெங்கும் ஒரு சிராய்ப்பு கூட இல்லை. வலது மணிக்கட்டு மட்டும் உடைந்தது.

மாவுக்கட்டு பிரித்த அன்று எங்களுக்குக் கொண்டாட்டம். அன்று மாலையே கொண்டாட்டம் முடிந்துவிட்டது. எலும்பு கூடிவிட்டது, விரல்கள் மடங்கவில்லை. காப்பி டம்ளரைப் பிடித்தால் அது நழுவியது. பேனாவைப் பிடித்தால் எழுத்து எங்கோ போனது.

பயிற்சி செய்தால் சரியாகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பிசியோதெரபி அறையில் இருந்த பெண் மிகவும் பொறுமைசாலி. ரப்பர் பந்தை அழுத்துங்கள், சட்டைப் பொத்தான்களை நீங்களே போடுங்கள், தட்டில் வேர்க்கடலையைப் பரப்பி ஒவ்வொன்றாகப் பொறுக்குங்கள் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். இவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"வேர்க்கடலை பொறுக்க நான் என்ன அணிலா?" என்றார்.

ரப்பர் பந்து ஜன்னல் மேல் ஏறியது. வேர்க்கடலையை நான் சட்னி அரைத்தேன். அத்தோடு வைத்தியம் முடிந்தது.

அதன் பிறகு இவர் செய்த வேலை, நாற்காலியில் உட்கார்ந்து வாசலைப் பார்ப்பது. நான் காலையில் போகும்போதும் அதே நாற்காலி. மாலையில் வரும்போதும் அதே நாற்காலி. ஏதாவது பேசினால் "ம்". பேசாவிட்டால் அதுவும் இல்லை. எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள். நல்லபடியாகச் சண்டை போடுகிற ஆள் என்றால் சமாளிக்கலாம். "ம்" போடுகிற ஆளை என்ன செய்வது?

ஈஸ்டருக்கு என் நாத்தனார் ரெஜினா அண்ணி, இவருடைய அக்கா, பிரான்ஸிலிருந்து வந்தார். காரைக்காலில் வாக்கப்பட்டு, புருஷனுக்கு அங்கே வேலை என்று போய்விட்டவர். வழக்கம்போல சோப்பு, சென்ட், உருகிப்போன சாக்லேட். கூடவே ஒரு பெரிய அட்டைப் பெட்டி. மேலே பச்சையும் பழுப்புமாக ஒரு விமானம் மேகத்தைக் கிழித்துக்கொண்டு பறக்கிற படம். அண்ணியின் மகன் வாங்கி, பிரிக்காமலே வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டானாம். சூட்கேஸில் இடம் இருந்ததால் தம்பிக்குக் கொண்டுவந்தாராம்.

உள்ளே விமானம் இல்லை. சாம்பல் நிற பிளாஸ்டிக் துண்டுகள் சட்டம் சட்டமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. சில துண்டுகள் கடுகு அளவு. அவற்றைக் கத்தரித்து, ஒட்டி, வர்ணம் அடித்து நாமே விமானம் ஆக்கிக்கொள்ள வேண்டும். நிஜ விமானத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு.

டி-520 என்று அதற்குப் பெயர். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்ததிலேயே நல்ல விமானமாம். ஆனால் போதுமான எண்ணிக்கையில் தயாராகி வருவதற்குள் ஜெர்மன்காரன் பாரீஸுக்கே வந்துவிட்டானாம். அண்ணி பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்துச் சொன்னார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது. நேரத்துக்கு வராத சாமானை எதற்கு இவ்வளவு தூரம் தூக்கி வரவேண்டும்?

ஆனால் இவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. அந்தத் தப்பை நினைத்து நினைத்து இன்றைக்கும் நொந்துகொள்கிறேன்.

முதலில் பறிபோனது சாப்பாட்டு மேஜை. துண்டுகள் எல்லாம் அதன் மேல் அடுக்கப்பட்டன, எதையும் யாரும் தொடக் கூடாது. நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அடுத்து மின்விசிறி. கடுகு அளவுத் துண்டுகள் காற்றில் பறந்துவிடுமாம். அதனால் ஹாலில் ஃபேன் போடக் கூடாது. தாம்பரத்தில், அக்கினி நட்சத்திரத்தில், ஃபேன் கிடையாது! வேலை முடிந்து வியர்வையில் ஊறி வீட்டுக்குள் நுழைந்து நான் சுவிட்சைத் தொட்டதும் "ரோசி…" என்று ஒரு குரல் வரும். கரண்ட் போனால் ஊரே மின்சார வாரியத்தைத் திட்டும். எங்கள் வீட்டில் மட்டும் ஒருவர் நிம்மதியாக வேலையைத் தொடர்வார்.

செய்முறைத் தாள் முழுக்க பிரெஞ்சு. அண்ணி ஊருக்குத் திரும்பும் முன் முதல் பக்கத்தை மட்டும் படித்து விளக்கிவிட்டுப் போனார். மீதிக்குப் படங்களும் அம்புக்குறிகளும்தான் துணை. அம்புக்குறி மேலே காட்டினால் மேலே ஒட்டுவதா, திருப்பி ஒட்டுவதா என்பதில் எங்களுக்குள் நடந்த சண்டைகளைப் பக்கத்து வீட்டார் வேறு ஏதோ குடும்பப் பிரச்சினை என்று நினைத்து, ஒரு நாள் வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்கள்.

பெட்டியோடு வந்த பசை காய்ந்து கல்லாகியிருந்தது. கடையில் உடனே ஒட்டுகிற பசை ஒன்றை வாங்கி வந்தேன். அது உண்மையிலேயே உடனே ஒட்டியது — மேஜை விரிப்பில், இவர் மூக்குக் கண்ணாடியில், ஒரு ஸ்பூனில். பைலட் உட்காரும் இடத்துக்கு மேலே மூடுகிற கண்ணாடி போன்ற துண்டை ஒட்டியபோது, அந்தப் பசையின் புகை பட்டு கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டது. எவ்வளவு துடைத்தும் போகவில்லை. பைலட்டுக்குக் காட்ராக்ட் வந்த மாதிரி இருந்தது. இவர் அன்று சாப்பிடவில்லை.

பேனா மையால் கறுப்பு பூசிக் காயவைத்திருந்த வால் சக்கரம் காணாமல் போனது இன்னொரு கதை. எங்கள் வீட்டில் வேலை செய்யும் கன்னியம்மா அதைப் பெருக்கித் தள்ளிவிட்டாள். நான் கேட்டபோது அவள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

"தரைல கீறதைத் தானம்மா பெருக்குவேன். இத்தினூண்டு கறுப்பா இருந்துச்சு. எலிப்புழுக்கைன்னு தள்ட்டேன்."

அதில் என்ன தப்பு சொல்ல முடியும்? தலைக்கு மேலே நாள் முழுக்க விமானப்படையின் பயிற்சி விமானங்கள் சுற்றுகிற ஊரில் வீட்டுக்குள் வேறு ஒன்று எதற்கு என்றும் அவள் கேட்டாள். தெருமுனைக் குப்பைமேட்டில், ஒரு எருமையின் மேற்பார்வையில், நான் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தபோது எங்கள் பங்குத் தந்தை சைக்கிளில் போனார். ஸ்தோத்திரம் சொன்னேன். வேறென்ன சொல்ல?

சக்கரம் கிடைக்கவில்லை. வெறுங்கையோடு திரும்பி வந்தேன். இவர் என் பழைய சீப்பு ஒன்றை எடுத்து, அதன் முனையைப் பிளேடால் செதுக்கிக்கொண்டிருந்தார். திட்டுவதற்காக வாயைத் திறந்தவள் அப்படியே நின்றேன். சீப்பு இடது கையில் இருந்தது. பிளேடு வலது கையில்.

விரல்கள் மடங்கியிருந்தன. முழுதாக இல்லை. ஆனால் மடங்கியிருந்தன.

ஏதாவது சொன்னால் நிறுத்திவிடுவார் என்று பயம். சமையலறைக்குள் போய், தேவையே இல்லாமல் இரண்டு பாத்திரங்களைக் கழுவினேன்.

அதற்குப் பிறகுதான் பெயிண்ட் கடை. மேலே அடிக்கப் பச்சை, பழுப்பு, இன்னொரு சாம்பல். எதையும் நான் ஏன் என்று கேட்கவில்லை. என்ன வர்ணம் கேட்டாலும் போய் வாங்கி வந்தேன். ஆனால் எரிச்சல் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். காரணம் தெரிந்த எரிச்சலும் எரிச்சல்தான். ஃபேன் இல்லாத வீட்டில் காரணம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒரே மாதிரிதான் வியர்க்கும்.

போன மாதக் கடைசியில் கம்பெனியிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். மெடிக்கல் லீவு முடிகிறது, திங்கட்கிழமை வந்து போர்டில் ஒரு படம் வரைந்து காட்ட வேண்டும், முடியவில்லை என்றால் ஸ்டோர்ஸில் ஏதாவது வேலை தருவார்கள். மரியாதையாகத்தான் சொன்னார். இவரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அன்று முழுக்க மறுபடியும் "ம்".

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய நாள், ஞாயிறு. மாதா கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். விமானத்தில் கடைசி வேலை, இறக்கைகளில் பிரெஞ்சு விமானப்படையின் வட்டச் சின்னம் ஒட்டுவது. நடுவில் நீலம், சுற்றிலும் வெள்ளை, அதைச் சுற்றிச் சிவப்பு. மெல்லிய தாள். தண்ணீரில் ஊறவைத்து நைசாக நகர்த்தி ஒட்ட வேண்டும். நான் புடவை கட்டி முடிப்பதற்குள் ஒட்டிவிடுகிறேன் என்று உட்கார்ந்தார்.

கை நடுங்கியது. கடைசிச் சின்னம் விரலிலேயே சுருண்டு இரண்டாகக் கிழிந்தது.

நான் சத்தம் கேட்டு ஓடி வந்தேன். விமானம் தரையில் கிடந்தது. இவர்தான் தள்ளிவிட்டிருந்தார். ஒரு இறக்கை பிய்ந்து ஃபிரிட்ஜுக்கு அடியில் போயிருந்தது.

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. நான் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டதும், வெந்ததும், குப்பைமேட்டைக் கிளறியதும் இதற்காகவா? துடைப்பக்குச்சியால் ஃபிரிட்ஜுக்கு அடியிலிருந்து இறக்கையை இழுத்தெடுத்தேன். விமானத்தை மேஜையில் வைத்தேன்.

"ஒட்டுங்க. நான் பிடிச்சிக்கிறேன்."

"வேணாம் ரோசி."

"ஒட்டுங்கன்னா ஒட்டுங்க."

ஒட்டினார். பசை வழிந்தது. இறக்கை கோணாமல் இருக்க நான் அடியிலிருந்து அழுத்திப் பிடித்தேன், இவர் மேலிருந்து பிடித்தார். நன்றாகப் பிடித்துக்கொண்டது. கையை எடுக்கப் போனால் வரவில்லை. என் இடது கட்டைவிரல், இவருடைய வலது ஆட்காட்டி விரல், பிரெஞ்சு விமானத்தின் இறக்கை மூன்றும் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன.

கல்யாணமாகி இருபது வருஷம் முடிந்த ஒரு தம்பதி, பட்டுப்புடவையும் இஸ்திரி போட்ட சட்டையுமாக, இப்படி உட்கார்ந்திருப்பதைக் கற்பனை செய்து பாருங்கள். கோயில் மணி அடித்தது. எழுந்து போகவும் முடியாது.

நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அண்ணியை, அண்ணி மகனை, பசைக் கம்பெனியை, பிரெஞ்சு தேசத்தை. இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் பேசினார்.

"ஒரு கோடு நேரா வரல ரோசி. நீ ஆபீஸ் போனப்புறம் தினம் போட்டுப் பாக்கறேன். ஸ்கேல் வச்சாக்கூட கடைசில போயி ஆடுது. நாளைக்கு எல்லாரும் சுத்தி நின்னு பாப்பாங்க."

இவர் நாற்காலியில் உட்கார்ந்த நாள் முதல் என் மனசில் இருந்த கேள்விக்குப் பதில் அது. வாசலைப் பார்த்து "ம்" போட்டதெல்லாம் வலியினால் இல்லை. வெட்கத்தினால். அந்த மனிதருக்கு இந்த உலகத்தில் கர்வம் என்று ஒன்று இருந்ததென்றால் அது அவர் போடுகிற கோடு. வீட்டு வாசலில் நான் போடுகிற கோலத்தைக்கூடக் கோணல் என்பார்.

அவர் விரல் என் விரலோடு ஒட்டியிருந்ததால் அந்த நடுக்கம் எனக்குள்ளும் வந்துகொண்டிருந்தது. பயந்த குழந்தையின் கையைப் பிடித்த மாதிரி. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். வந்தது வேறு.

"ஸ்டோர்ஸ்ல போட்டா போடட்டும். உங்களை யாரு கலெக்டரா இருக்கச் சொன்னது? கோடு வரலன்னா வரல. அதுக்கு இந்த இறக்கை என்ன பண்ணுச்சு?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நாள் கழித்து, பல் தெரிய.

இருவரும் விமானத்தோடு சமையலறைக்கு நடந்து போனோம். நான் வலது கையால் அடுப்பை மூட்ட, இவர் இடது கையால் பாத்திரம் பிடிக்க, வெந்நீரும் சோப்பும் போட்டு ஊறவைத்துப் பிரித்தோம். கொஞ்சம் தோல் போனது. பூசை முடிந்து பக்கத்து வீட்டார் திரும்பி வருகிற சத்தம் கேட்டது.

கிழிந்த சின்னத்துக்கு மாற்று கிடையாது. இவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். என் கண் மை பிரஷ்ஷை எடுத்து, முதலில் சிவப்பு, அது காய்ந்ததும் வெள்ளை, கடைசியில் நடுவில் நீலம் என்று அந்த வட்டத்தைக் கையாலேயே எழுதினார். வலது கையால்.

வட்டமாக வரவில்லை. கோழிமுட்டை மாதிரி வந்தது. இவர் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார், பிறகு கீழே வைத்தார். இந்த முறை தள்ளிவிடவில்லை.

அந்த விமானம் இப்போது ஹால் ஷெல்ஃபில் நிற்கிறது. ஒரு இறக்கை கொஞ்சம் மேலே தூக்கியிருக்கிறது. கண்ணாடி மங்கல். வால் சக்கரம் சீப்பு. உற்றுப் பார்த்தால் அடிப்பக்கம் ஒரு விரல் ரேகை பதிந்திருக்கிறது. அது என்னுடையது. வருகிறவர்கள் எல்லாரும் நம் நாட்டு விமானமா என்று கேட்கிறார்கள். இவர் உட்காரவைத்து யுத்தத்தை முதலிலிருந்து சொல்கிறார். எத்தனை முறைதான் பாரீஸ் விழுவதைக் கேட்பது?

நோயாளியைப் பார்த்துக்கொள்வது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. கஞ்சி, மாத்திரை, தலையணை — முடிந்தது. குணமாகிக்கொண்டிருக்கிற மனுஷரோடு குடித்தனம் செய்வது இருக்கிறதே… அதற்கு யாரும் பழத்தோடு வந்து ஆறுதல் சொல்வதில்லை.

கம்பெனியில் என்ன ஆனது என்றுதானே கேட்கிறீர்கள். திங்கட்கிழமை படம் வரைந்து காட்டினார். மற்றவர்கள் மத்தியானத்துக்குள் முடிக்கிறதை இவர் சாயங்காலம் வரை வரைந்தாராம். கோடு சுமாராக வந்ததாம். சுமார் என்று தன் கோட்டைப் பற்றி அவர் வாயால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஸ்டோர்ஸுக்கு அனுப்பவில்லை. கொஞ்ச நாளைக்கு மற்றவர்கள் வரைந்த படங்களைச் சரிபார்க்கட்டும், நடுநடுவே வரையட்டும், போகப்போகப் பார்க்கலாம் என்று வைத்துக்கொண்டார்கள். பழைய கை திரும்ப வருமா என்று டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. வந்த வரை லாபம்.

ஸ்கூட்டர் இப்போதைக்கு வேண்டாம் என்பதால் என்னோடு ரயிலில் வருகிறார். நேற்றுக் காலை தாம்பரம் ஸ்டேஷனில் நான் லேடீஸ் பெட்டியில் ஏறிக்கொண்டேன். இவர் அடுத்த பெட்டி. வண்டி நகர ஆரம்பித்தபோது எட்டிப் பார்த்தேன். உள்ளே காலியாக இடம் இருக்கிறது. இந்த மனுஷர் வாசலில், படியில் நின்றுகொண்டு, வலது கையால் கம்பியைப் பிடித்தபடி, காற்று வாங்கிக்கொண்டிருக்கிறார்.

உள்ளே போங்க, உள்ளே போங்க என்று பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். காதில் விழாத மாதிரி வேறு பக்கம் பார்த்தார்.

சரி, பூரண குணம்.